மூன்று கழி, ஒரு மீன்

படகில் ஏறிப் பெயர் பதிந்ததும் ஓர் எண் கொடுத்தார்கள். எனக்கு 17. கீழ்த்தளத்தில் என் படுக்கைக்கு அதே எண், சமையலறைக் கணக்கில் அதே எண், மறுநாள் மீன் கிடைத்தால் அதன் செவுள்மூடியில் குத்தப்போகும் வில்லையிலும் அதே எண். எனக்கு மேல் படுக்கை 18. அது எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவருடையது. பிலிப்பைன்ஸில் பிறந்து, அமெரிக்கக் கடற்படையில் சமையல்காரராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சான் டியேகோவில் அப்படி வந்து குடியமர்ந்த குடும்பங்கள் ஏராளம். ஆண்டுக்கு நான்கு தடவையாவது இந்தப் படகில் வந்துவிடுவாராம். அவருடைய தூண்டில் கழியின் முன்பிடியில் பழைய சைக்கிள் டியூப் சுற்றியிருந்தது. எதற்கு என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

நான் தூத்துக்குடிக்காரன். கடலைப் பார்த்து வளர்ந்தவன், ஆனால் எங்கள் வீட்டில் யாரும் கடல் தொழில் செய்ததில்லை. சூரையைச் சந்தையில் துண்டாக வாங்கித்தான் பழக்கம். அது உயிரோடு எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும் என்பது பல வருட ஆசை. கலிபோர்னியாவுக்கு வேலைக்கு வந்து ஐந்து ஆண்டுகள் கழித்து, கடந்த செப்டம்பரில், நானூறு டாலருக்கு மேல் கட்டி அந்த ஆசையை நிறைவேற்றிக்கொண்டேன். சாயங்காலம் புறப்பட்டு, இரவெல்லாம் ஓடி, மறுநாள் முழுக்க மீன் பிடித்து, அதற்கடுத்த விடியலில் கரை திரும்பும் பயணம். ஒருவரை ஒருவர் அறியாத இருபத்தாறு பேர், ஒரே படகு.

புறப்படுவதற்கு நேரம் இருந்ததால் பையைப் படுக்கையில் போட்டுவிட்டு ஷெல்டர் ஐலண்ட் கரையோரமாக நடந்தேன். அங்கே சூரை மீனவர்களுக்கு ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. வெண்கலத்தில் மூன்று ஆட்கள், மூவர் கையிலும் கழி, மூன்று கழிக்கும் சேர்த்து ஒரே ஒரு மீன். முதலில் பார்க்கிறவர்களுக்கு அது சிற்பியின் கற்பனை என்று தோன்றலாம். தொழிலே அப்படித்தான் நடந்தது. சான் டியேகோவை உலகத்தின் சூரைத் தலைநகரம் என்று சொன்ன காலம் ஒன்று உண்டு. ஜப்பானியர்களும் போர்ச்சுகீசியர்களும் இத்தாலியர்களும் இங்கிருந்து மூங்கில் கழியோடு கடலுக்குப் போனார்கள். படகின் பின்பக்கத்தில் நீர்மட்டத்தை ஒட்டி இரும்புச் சட்டம் தொங்கும். அதில் முழங்கால் நனைய நின்றுகொண்டு, உயிருள்ள சிறுமீனை வாரியிறைத்து, மேலே வந்த சூரையைக் கழியால் தூக்கித் தலைக்கு மேலாகப் படகுக்குள் எறிவார்கள். சின்ன மீன் என்றால் ஒருவருக்கு ஒரு கழி. பெரிய மீன் வந்துவிட்டால் இரண்டு கழிகளின் நரம்பை, அதாவது தூண்டில் நூலை, ஒரே முள்ளில் கட்டுவார்கள். இன்னும் பெரிதென்றால் மூன்று. மூன்று பேரும் ஒரே நொடியில் தூக்க வேண்டும். ஒருவர் அரை நொடி பிந்தினால் முழு எடையும் மற்ற இருவர் தோளில் விழும்.

1942இல் அந்த ஜப்பானிய மீனவர்களைக் குடும்பத்தோடு முகாம்களில் அடைத்தார்கள். பிறகு சுருக்குவலை வந்து கழியை ஒழித்தது. 1980களின் முற்பாதியில் மீனை டப்பாவில் அடைக்கும் ஆலைகளும் மூடப்பட்டன. கழி கொண்டு சூரை பிடிக்கும் அந்த முறையை இன்றும் பார்க்க விரும்புகிறவர்கள் மினிக்காய்த் தீவுக்கோ மாலத்தீவுக்கோ போகலாம். நம் வீட்டுச் சம்பலில் விழும் மாசிக் கருவாட்டின் கதை அங்கேதான் தொடங்குகிறது.

சிலைக்கு முன் நிற்கும்போது இன்னொரு கதையும் நினைவுக்கு வந்தது. சான் டியேகோவுக்கு வடமேற்கே காட்டலினா தீவு. அங்கே 1898இல் சார்லஸ் ஃபிரெடரிக் ஹோல்டர் என்பவர் 183 பவுண்டு, அதாவது 83 கிலோ எடையுள்ள புளூஃபின் என்ற பெரிய வகைச் சூரையைக் கழியும் ரீலுமாகப் பிடித்தார். அதே ஆண்டில் அந்தத் தீவின் அவலான் ஊரில் டூனா கிளப்பைத் தொடங்கினார். பெருமீனைப் பிடிப்பது ஒரு விளையாட்டாக, அதற்கென்று மரியாதையும் விதிகளும் கொண்டதாக வளர்ந்ததில் அந்தக் கிளப்புக்குப் பெரிய பங்கு உண்டு. பின்னாளில், 1939இல், உலகச் சாதனைகளைப் பதிவு செய்யும் பன்னாட்டுச் சங்கம் உருவானது. அதன் விதி தெளிவானது: மீன் முள்ளில் சிக்கிய பிறகு வேறு யாருடைய கையாவது கழியையோ ரீலையோ தொட்டால் அந்த மீன் சாதனைக் கணக்கில் சேராது. ஒரு மனிதன், ஒரு கழி, ஒரு மீன்.

நானும் அந்த எண்ணத்தோடுதான் படகேறினேன்.

துறைமுக வாயிலில் முதல் நிறுத்தம். இரை வாங்க வேண்டும். மிதக்கும் கூண்டுகளில் சாளையை அடைத்து வைத்திருக்கிறார்கள். கூண்டின் விளிம்பெங்கும் கடற்சிங்கங்கள் படுத்துக்கொண்டு குரைக்கின்றன. வலைக்கரண்டியால் வாரி வாரி, கைக்குக் கை மாற்றி, படகின் இரைத்தொட்டியில் கொட்டினார்கள். தொட்டிக்குள் கடல்நீர் ஓயாமல் சுழன்றுகொண்டிருக்கும். அதில் சாளைகள் எல்லாம் ஒரே திசையில் வட்டமிடும். பெரியவர் என்னைத் தொட்டியருகே கூட்டிப் போய் அரை மணி நேரம் நிறுத்திவைத்தார். அந்த அரை மணி நேரத்தில் நான் கற்றுக்கொண்டதை எந்தப் புத்தகத்திலும் கற்றிருக்க முடியாது என்று நினைக்கிறேன்.

மூக்கு சிவந்த சாளை வேண்டாம். சுவரில் முட்டிக் களைத்தது அது. செதில் உதிர்ந்து பக்கவாட்டில் வெள்ளைத் திட்டு தெரிந்தால் வேண்டாம். முதுகு பச்சையாக மின்ன வேண்டும். கையை விட்டால் விலகி ஓடுகிறதே, அதுதான் வேண்டும். பிடிப்பதற்கு முன் கையை நனைத்துக்கொள்ள வேண்டும், உலர்ந்த கை செதிலை உரித்துவிடும். விரல்களை வளைத்து ஒரு குகை மாதிரி வைத்துக்கொண்டு, அழுத்தாமல், மீன் தானாக உள்ளே வந்து இருட்டில் அடங்கும் வரை காத்திருக்க வேண்டும். மூக்கின் கண்ணாடி போன்ற எலும்பில் முள்ளை ஏற்றினால் சாளை மேலாக நீந்தும். வயிற்றுத் துடுப்பருகே ஏற்றினால் ஆழத்துக்கு இறங்கும். மறுநாள் கழியை வீசிய ஒவ்வொரு தடவையும் அந்த நனைந்த கை எனக்கு ஞாபகம் வந்தது.

இருட்டும் முன் படகுத் தலைவர் எல்லோரையும் கூட்டிப் பேசினார். சுருக்கமாகச் சொன்னால் ஒரே விஷயம்தான்: மீன் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம் நீங்களும் ஓடுங்கள். நின்ற இடத்தில் நின்றால் உங்கள் நரம்பு பக்கத்தில் இருப்பவரின் நரம்பைக் குறுக்கே அறுக்கும். அவர் மீனும் போகும், உங்கள் மீனும் போகும். வழி கேட்டால் வழி விடுங்கள். மேலே என்றால் கழியை அவர் தலைக்கு மேலே கொண்டு போங்கள், கீழே என்றால் குனிந்து கீழே கொண்டு போங்கள். இருபத்தாறு பேர் ஒரே கைப்பிடிச் சுவரைச் சுற்றி நிற்கும் படகில் வேறு வழியில்லை.

போன இடம் டேனர் திட்டு. சான் டியேகோவுக்கு மேற்கே கிட்டத்தட்ட நூறு மைல். கண்ணுக்குக் கரையே தெரியாத நடுக்கடலில் தரை திடீரென்று உயர்ந்து மேடாகிறது. பக்கத்திலேயே அதன் உடன்பிறப்பாகக் கோர்ட்டேஸ் திட்டு. அதில் பிஷப் பாறை என்ற முனை நீருக்குச் சில அடி கீழே நிற்கிறது. 1855இல் அந்தப் பாறையில் மோதிய கப்பலின் பெயர்தான் அதற்கு நிலைத்தது. 1985இல் எண்டர்பிரைஸ் என்ற அணுசக்தி விமானந்தாங்கிக் கப்பலே அந்தத் திட்டில் உரசி அடிப்பாகத்தைக் கிழித்துக்கொண்டது. கப்பலுக்கு எமனான அந்த மேடுதான் மீனுக்குச் சோறு போடுகிறது. ஆழத்து நீரோட்டம் மேட்டில் மோதி மேலெழும்போது அடியில் கிடக்கும் சத்தையும் தூக்கி வருகிறது. அதைத் தின்னச் சிற்றுயிர், சிற்றுயிரைத் தின்ன நெத்திலி, நெத்திலியைத் தின்னச் சூரை.

அதிகாலை மூன்றரைக்கு எஞ்சின் சத்தம் தணிந்தது. அந்த மாற்றமே எல்லோரையும் எழுப்பிவிட்டது. மேலே வந்தால் எங்கும் கருப்பு, படகின் விளக்கு விழும் இடம் மட்டும் பச்சை. இரவில் சூரைக்குச் சாளை கட்டுவதில்லை. இருட்டில் ஒளிரும் ஈயத்தகட்டை, ஏறக்குறைய கால் கிலோ எடையுள்ளதை, ஆழத்தில் இறக்குகிறார்கள். பின்னல் நரம்பில் குறிப்பிட்ட நீளத்துக்கு ஒரு நிறம். நிறத்தை எண்ணினால் ஆழம் தெரியும். எதிரொலிக் கருவியைப் பார்த்துக்கொண்டு தலைவர் மேலிருந்து அடிக்கணக்கைக் கூவுவார், நாங்கள் நிறத்தை எண்ணி நிறுத்துவோம்.

நான்கு மணிக்கு எனக்கு ஒன்று அடித்தது. அடித்தது என்ற சொல்லுக்கு அன்றுதான் எனக்குப் பொருள் தெரிந்தது. கழி நுனி நேராக நீருக்குள் போய்விட்டது. ரீலிலிருந்து நரம்பு உருவிக்கொண்டு போகும் ஓசை, துணி கிழிவது போல் விடாமல் ஒரே சீராக வந்தது. பயத்தில், ஓட்டத்தை நிறுத்த வேண்டும் என்று ரீலின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். பட். கழி நிமிர்ந்துவிட்டது. கையில் எடையே இல்லை. ரீலின் இறுக்கத்தை நரம்பு தாங்கும் சுமையில் மூன்றில் ஒரு பங்குக்குத்தான் வைத்திருந்தார்கள். ஓடுகிற மீனை ஓட விடுவதற்காகத்தான் அந்த ஏற்பாடு. நானாக அதைக் கெடுத்தேன். எங்கோ அந்த மீன் வாயில் முள்ளோடும் ஈயத்தோடும் நீந்திக்கொண்டிருக்கும் என்ற நினைப்பு விடியும் வரை என்னை விடவில்லை.

விடிந்ததும் கடல் சாம்பல் நிறமானது. சிலர் வாந்தியெடுத்துக் கீழே போய்ப் படுத்துவிட்டார்கள். ஒன்பது மணி வரை ஒன்றும் இல்லை. தலைவர் மட்டும் தொலைநோக்கியை எடுத்தவர் கீழே வைக்கவே இல்லை. பறவை தேடுகிறார் என்று பெரியவர் சொன்னார். பறவை வட்டமிட்டால் கீழே நெத்திலி இருக்கும், நெத்திலி பதறி மேலே வந்தால் அதற்கடியில் சூரை இருக்கும்.

பத்து மணி வாக்கில் அது நடந்தது. முதலில் ஆலாக்கள். அடுத்து நீரின் மேல் காற்றுப் பட்டது போல ஒரு சுருக்கம். பிறகு கடல் கொதித்தது. படகு நகர்ந்து போய் அதன் காற்று முகப்பில் நின்றது. பணியாளர்கள் உயிருள்ள சாளையைக் கைப்பிடி கைப்பிடியாக இறைத்தார்கள். நான் நனைந்த கையோடு ஒரு சாளையை எடுத்து, மூக்கில் முள்ளேற்றி, காற்றோடு வீசினேன். ரீலைத் திறந்தே வைத்து நரம்பை விரலால் மட்டும் தொட்டுக்கொண்டிருந்தேன். சாளையின் வால் துடிப்பது விரலில் தெரிந்தது. சட்டென்று துடிப்பு வேகமானது. பார்த்துவிட்டது, பயப்படுகிறது. பிறகு நரம்பு ஓடியது. ஐந்து வரை எண்ணி ரீலைப் பூட்டினேன்.

"பதினேழு! மீனோடு போங்கள்!"

கூவியது பணியாளர்களில் ஒருத்தி. இருபத்திரண்டு வயதிருக்கும். என் இடுப்பு வாரைப் பிடித்து அணியம் நோக்கித் தள்ளிக்கொண்டே வந்தாள். ஒருவர் தலைக்கு மேலே, இன்னொருவர் முழங்காலுக்குக் கீழே, இருவர் நடுவே என்று படகை ஒன்றரைச் சுற்றுச் சுற்றினேன். நான் வரும்போது ஒவ்வொருவரும் தங்கள் நரம்பை ஒதுக்கினார்கள், சிலர் தங்கள் மீனையே சற்று விட்டுக்கொடுத்து என்னைக் கடக்க விட்டார்கள். முதல் ஓட்டம் நின்றதும் கழியைக் கைப்பிடிச் சுவரின் மேல் சாய்த்தார்கள். பெரியவரின் சைக்கிள் டியூபின் ரகசியம் அப்போதுதான் விளங்கியது, கழி சுவரில் சாயும் இடத்தில்தான் அதைச் சுற்றியிருந்தார். முதுகால் தூக்காதே, சுவர் தூக்கட்டும், நீ சுற்று. ரீலின் சிறிய பல்லுக்கு மாற்றி, கால் சுற்று, கால் சுற்றாகச் சுற்றினேன்.

நாற்பது நிமிடம். கடைசியில் மீன் படகுக்கு அடியில் செங்குத்தாக வட்டமிடத் தொடங்கியது. வட்டத்தில் தலை நம் பக்கம் திரும்பும்போது இரண்டு அடி கிடைக்கும். விலகும்போது பிடித்து நிறுத்த வேண்டும், ஓரடியும் விடக் கூடாது. அந்த இரண்டடியை எடுக்க என் விரல்கள் மூடவில்லை. மூடு என்று மனம் சொல்கிறது, விரல் கேட்கவில்லை. பிடி வழுக்கியது.

பக்கத்தில் நின்றிருந்த பெரியவர் தன் நரம்பை எப்போதோ சுற்றி வைத்துவிட்டிருந்தார்.

"கொடு, அனாக்" என்றார். அவர்கள் மொழியில் பிள்ளை என்று பொருள். "விரலை விரித்து மூடு. இரண்டு நிமிடம்."

எனக்கு ஒரு மனிதன், ஒரு கழி என்ற அந்த விதி ஞாபகம் வந்தது. கொடுத்தால் இது என் மீன் ஆகாது. வெண்கலச் சிலையும் ஞாபகம் வந்தது. கொடுத்தேன்.

அவர் அவசரப்படவே இல்லை. மீன் திரும்பும்போது இடுப்பை மட்டும் மடக்கி அரைச் சுற்று, விலகும்போது கல் மாதிரி நின்றார். நான்கு வட்டம் ஆனதும் கழியை என்னிடம் திருப்பித் தந்தார். "கலர்!" என்று யாரோ கத்தினார்கள். ஆழத்தில் ஒரு வெளிச்சம் தெரிந்தது. நீலமும் வெள்ளியும் கலந்த ஒரு பெரிய கதவு மெல்லத் திறந்து மூடுவது போல் இருந்தது. நீளக் கழியில் கட்டிய கொக்கியோடு இருவர் குனிந்தார்கள். மூன்று பேர் சேர்ந்து இழுத்ததும் மீன் சுவரைத் தாண்டித் தளத்தில் விழுந்தது. வால் பலகையை அடித்த அடியில் என் பாதம் வரைக்கும் அதிர்ந்தது. பிறகு கரையில் எடை போட்டபோது 112 பவுண்டு, அதாவது 51 கிலோ.

அந்தப் பெண் கத்தியால் மூளையில் ஒரே குத்து, செவுளருகே ஒரு வெட்டு என்று முடித்து, இரத்தம் வடிய நீர்க்குழாயை வைக்கச் சொன்னாள். குழாயைப் பிடிக்கக் குனிந்து செவுளோரம் கை வைத்தேன். கை அப்படியே நின்றுவிட்டது.

மீன் சூடாக இருந்தது.

வாழ்நாள் முழுக்க மீனைத் தொட்டிருக்கிறேன். மீன் என்றால் குளிர்ச்சிதான். இந்த இரத்தம் ஒரு நாய்க்குட்டியின் வயிற்றைத் தொட்டது போல இருந்தது. அன்று கடல் நீர் 19 டிகிரி. புளூஃபின் சூரை தன் தசையில் பிறக்கும் வெப்பத்தை வீணாக்குவதில்லை. உள்ளிருந்து வரும் சூடான இரத்தக் குழாய்களும் செவுளிலிருந்து வரும் குளிர்ந்த குழாய்களும் பின்னிப் பிணைந்து கிடக்கின்றன. சூடு கடலுக்குப் போகும் முன்பே குளிர்ந்த இரத்தம் அதை வாங்கித் திரும்ப உடலுக்குள் கொண்டுபோகிறது. அந்தச் சூட்டினால்தான் குளிர்ந்த நீரிலும் அந்தத் தசை அப்படி ஓடுகிறது. அதே சூடுதான் செத்த பிறகு அதன் இறைச்சியைக் கெடுப்பதும். நெடுநேரம் போராடிய மீனை உடனே இரத்தம் வடித்துக் குளிர்நீரில் இறக்காவிட்டால் சதை வெந்தது போல் வெளிறிவிடும். உயிரை எடுத்துவிட்டு இறைச்சியையும் வீணாக்குவது பெரிய தவறு என்றே நினைக்கிறேன். அதனால் அந்தப் பெண்ணின் கைவேகம் எனக்குக் கருணையாகவே பட்டது.

இந்த மீன் பிறந்தது இங்கே அல்ல. பசிபிக் புளூஃபின் முட்டையிடுவதெல்லாம் ஜப்பானையும் தைவானையும் ஒட்டிய கடலில். குஞ்சாக இருக்கும்போதே அவற்றில் ஒரு பகுதி முழுப் பெருங்கடலையும் கடந்து கலிபோர்னியாவுக்கு வந்து, சில ஆண்டுகள் தின்று பெருத்து, முட்டையிடத் திரும்பிப் போகின்றன. பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னால் இந்த இனத்தின் முட்டையிடும் மீன்கள், மனிதன் பிடிக்காதிருந்தால் இருந்திருக்கும் அளவில் ஐந்து விழுக்காடுகூட மிஞ்சவில்லை. 2015இல் அமெரிக்கா ஒருவருக்கு ஒரு நாளைக்குப் பத்து என்றிருந்ததை இரண்டாகக் குறைத்தது. மற்ற நாடுகளும் தங்கள் பங்கைக் குறைத்துக்கொண்டன. 2024இல் வெளிவந்த கணக்கெடுப்பில் அந்த அளவு இருபது விழுக்காட்டைத் தாண்டியிருந்தது, குறித்த கெடுவுக்குப் பல ஆண்டுகள் முன்பாகவே. இரண்டு மீன் போதாது என்று படகில் முணுமுணுத்தவர்களும் உண்டு. அவர்கள் அன்று கண்ட அந்தக் கொதிக்கும் கடல் அந்த இரண்டால் வந்தது.

வில்லை குத்தும் கருவியோடு அந்தப் பெண் வந்து கேட்டாள். "பதினேழா, பதினெட்டா?"

"இரண்டும்" என்றேன். அவள் தயங்கவில்லை. செவுள்மூடியில் இரண்டு வில்லைகளையும் அடுத்தடுத்துக் குத்தினாள். இது அவள் அடிக்கடி செய்வதுதான் என்று பார்த்தவுடன் தெரிந்தது.

மாலைக்குள் படகில் முப்பத்தொன்று மீன்கள் சேர்ந்தன. சிலருக்கு இரண்டு, சிலருக்கு ஒன்றுமில்லை. கலிபோர்னியச் சட்டத்தில் படகு வரம்பு என்று ஒன்று உண்டு. எல்லோருடைய பங்கும் சேர்ந்த மொத்த எண்ணிக்கை நிறையும் வரை, தன் பங்கைப் பிடித்துவிட்டவரும் மற்றவர்களுக்காகத் தூண்டில் போடலாம். அப்பாவோடு வந்த பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனுக்கு நாள் முழுக்க ஒன்றும் கிடைக்கவில்லை. பெரியவர் ஐந்து மணிக்குப் பிடித்த மீனில் அவன் எண்ணைக் குத்தச் சொன்னார். பையன் அதன் துடுப்பை விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டே நின்றான். சூரை வேகமெடுக்கும்போது முதுகுத் துடுப்பு மடங்கி உடலில் உள்ள பள்ளத்துக்குள் புதைந்துவிடும். அதை அவன் இருபது தடவையாவது மடக்கி விரித்திருப்பான்.

திரும்பும் வழியில் மீனை அறுத்துத் தந்தார்கள். ஒரு மீனுக்கு ஆறு துண்டு: நான்கு நீளத் துண்டுகள், வயிறு, கழுத்துப் பட்டை. கழுத்துப் பட்டையில் இரு பக்கத் துடுப்பும் ஒட்டியிருக்க வேண்டும் என்பது சட்டம். அதை வைத்துத்தான் எந்த வகைச் சூரை என்று அதிகாரிகள் அடையாளம் காண்பார்கள். தலை அந்தக் கணக்கில் வராது. பெரும்பாலோர் தலையைக் கடலில் எறியச் சொன்னார்கள். ஒவ்வொன்றும் நீரில் விழும்போது எனக்கு மனசு பதறியது. திரும்பிப் பார்த்தால் பெரியவரும் அதே முகத்தோடு நின்றிருந்தார். இருவரும் போய் அந்தப் பெண்ணிடம் சொன்னோம். அதற்குப் பிறகு வந்த தலைகள் எல்லாம் ஒரு பெட்டியில் சேர்ந்தன. ஏழு தலைகள். விடியலில் படகுத்துறையில் இறங்கியதும் வண்டி நிறுத்தும் இடத்தில் வைத்துப் பங்கு பிரித்தோம். அவருக்கு நான்கு, எனக்கு மூன்று. எங்கள் மீனின் தலையை அவர் என் பக்கம் தள்ளினார்.

அன்று ராத்திரி அந்தத் தலையைப் பிளந்து, கன்னத்துச் சதையைத் தனியாக எடுத்து, மீதியைப் புளிக்குழம்பு வைத்தேன். நல்லெண்ணெயில் வெந்தயமும் சின்ன வெங்காயமும் தாளித்து, புளியைக் கெட்டியாகக் கரைத்து. ஒரு படம் எடுத்து அவருக்கு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது. அவர் அடுப்பிலும் தலைதான். சினிகாங் என்று அவர்கள் வைக்கும் புளிப்புக் குழம்பு. பானைக்குப் பக்கத்தில் கிண்ணத்தில் கரைத்து வைத்திருந்ததைக் காட்டி, இது என்ன தெரிகிறதா என்று கேட்டிருந்தார்.

தெரிந்தது. கொட்டையும் கோதுமாக, நன்றாகப் பிசைந்த புளி.